மலை ஜீப்புக்கு ஒரு கைக்கிளட்ச்

மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு இழுத்துப் போகிற டிரெய்லர்களில் பாதிக்கு மேல் நான் பற்றவைத்தவை. மணலூர்பேட்டை ஆற்றுத் திருவிழாவில் பிள்ளைகள் ஏறிச் சுற்றுகிறார்களே, அந்த ராட்டினம் நான் செய்தது. இன்றுவரை ஒரு போல்ட் கழன்றதில்லை. பள்ளிக்கூடத்து இரும்புக் கதவு, பேருந்து நிற்கிற இடத்துக் கூரை, ஊர்த் தேருக்கு அச்சு, எல்லாம் என் கை வேலை. படிப்பு ஐந்தாம் வகுப்பு. அப்பா கரும்பு வண்டி ஓட்டியவர். வெல்டிங் கண்ணாடி வாங்க வழியில்லாத காலத்தில் வெறும் கண்ணோடு பற்றவைத்துவிட்டு, ராத்திரி முழுக்க உருளைக்கிழங்குத் துண்டைக் கண்மேல் வைத்துக்கொண்டு துடித்திருக்கிறேன். "இவன் கண்ணு அவிஞ்சிதான் ஒக்காருவான்" என்று ஊரே கேட்கச் சொன்ன என் தாய்மாமன், பிற்பாடு என்னிடம்தான் டிரெய்லர் செய்துகொண்டு போனார்.

இவ்வளவு செய்தவனுக்கு, எதிரே தெரிகிற மலையில் ஏற எழுபது வயது ஆயிற்று. எங்கள் கரும்புக் காட்டில் நின்று மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை நீலமாகத் தெரியும். அது நமக்கு வேறு தேசம் மாதிரி. பாஸ்போர்ட் கேட்க மாட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். போகவேண்டிய வேலை வரவில்லை. வேலை இல்லாத இடத்துக்குப் போகிற பழக்கம் எனக்கு இல்லை.

வேலையைக் கொண்டுவந்தவள் என் இளைய மருமகள் ரேவதி. சென்னையில் 'மறுவாழ்வு ஆலோசனை' என்று முதுகலைப் படிப்பு படிக்கிறாள். நான் இதை ஊரில் பெருமையாகச் சொல்லிவைத்தேன். மறுவாழ்வு என்றதும் எல்லோரும் குடியை நிறுத்துகிற இடம் என்று நினைத்துவிட்டார்கள். பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் தன் மச்சானை டி.வி.எஸ்ஸில் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டே வந்துவிட்டார். அவருக்கு ரேவதிதான் விளக்கம் சொன்னாள். கை கால் போனவர்கள், பார்வை போனவர்கள், மனநோய் வந்து தெளிந்தவர்கள், இப்படிப்பட்டவர்கள் மறுபடி வேலைக்கும் வாழ்க்கைக்கும் திரும்ப, கூடவே உட்கார்ந்து வழி பார்க்கிறதுதான் அந்தப் படிப்பாம். மச்சான் அதையும் முழுசாகக் கேட்டுவிட்டு, "அப்ப நான் கெளம்பறேன்" என்று போய்விட்டார்.

"கேள்வி கேக்கறதுக்கா ரெண்டு வருசம் படிக்கணும்?" என்று ஒருநாள் சோறு போடும்போது கேட்டேன்.

"கேக்கறதுக்கு ஆறு மாசம் போதும் மாமா. பதில் வர்ற வரைக்கும் சும்மா இருக்கறதுக்குத்தான் மிச்சம் ஒன்றரை வருசம்."

என் வீட்டுக்காரி சரோஜா சிரித்த சிரிப்பில் ரசம் சிந்தியது.

இரண்டாம் வருசம் களப்பயிற்சி. ஒரு மாவட்டத்தில் தங்கி, நிஜமான ஆட்களோடு வேலை பார்க்கவேண்டும். எதைப் பேசினோம் என்பதை வாரா வாரம் சென்னையில் இருக்கிற பேராசிரியை அம்மாவிடம் போனில் ஒப்பிக்கவேண்டும். ரேவதி நம் கள்ளக்குறிச்சியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவள் கைக்கு வந்த ஆட்களில் ஒருவர் வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரில் இருந்தார். பேர் சொல்லமாட்டாள், அது அவர்கள் தொழிலின் சட்டம். ஜீப் டிரைவர், மழையில் மண் சரிந்து பாறை உருண்டு இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது என்பது வரைதான் சொன்னாள். பஸ்ஸில் போனால் திரும்பி வர வண்டி இருப்பதில்லை.

"நான் ஓட்டறேன்" என்றேன். சக்கரம் இருக்கிறதில் நான் ஓட்டாதது ரயில் ஒன்றுதான்.

"ஒரே ஒரு கண்டிசன் மாமா. அங்க வந்து நீங்க பேசக் கூடாது."

சரி என்றேன். பேசக் கூடாது என்றுதானே சொன்னாள். செய்யக் கூடாது என்று சொல்லவில்லையே. பட்டறையில் கிடந்த தகரத்தையும் ஆங்கிள் இரும்பையும் வைத்து நல்லதாக ஒரு பெட்டிக்கடை செய்தேன். மடக்குப் பலகை, பூட்டு, மேலே மழைக்கு நீட்டிய கூரை, நீலப் பெயின்ட். மினி லாரியில் ஏற்றி எங்கள் ஜீப்புக்குப் பின்னாலேயே வரச் சொல்லிவிட்டேன். ரேவதிக்குத் தெரியாது.

கள்ளக்குறிச்சியில் என் நண்பர் கரீம் பாயின் உதிரிபாகக் கடையில் டீ குடிக்க நின்றோம். பாய் என் ஜீப்பைச் சுற்றிவந்து சக்கரத்தை உதைத்துப் பார்த்தார்.

"இன்னா தணிகாசலம், இந்த வயசுல மலையேறக் கெளம்பிட்டே? அங்க வளைவு ஜாஸ்தி, உனக்கு பொறுமை கம்மி. ரெண்டுத்துக்கும் ஒத்து வராதே."

"ஏற்றத்துல எனக்கு இன்னா பயம் பாய்?"

"ஏற்றம் இல்லப்பா. எறக்கம்."

நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஏறும்போது எல்லாம் சுகமாகத்தான் இருந்தது. கீழே வியர்த்துக் கொட்டிய சட்டை மேலே போகப் போகக் காய்ந்துவிட்டது. ஒரு வளைவில் ஆடுகள் படுத்திருந்தன. ஹாரன் அடித்தேன். ஆடு மேய்க்கிற அம்மா ஒருத்தி எழுந்திருக்காமலே, "அதுங்க இப்பத்தான் படுத்துச்சுங்க. கொஞ்சம் பொறுங்க" என்றாள். எங்கள் ஊரில் மாடு குறுக்கே வந்தால் மாட்டுக்காரர் மன்னிப்புக் கேட்பார். இங்கே வண்டிக்காரன் பொறுக்கவேண்டும். பொறுத்தேன்.

அந்த டிரைவரின் பேர் சடையன். (அவனே எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்.) ரோட்டோரம் இருக்கிறது அவன் அண்ணன் பெரியசாமியின் வீடு. அதுவரைக்கும்தான் வண்டி போகும். சடையன் வீட்டுக்கு அங்கிருந்து ஓடையைத் தாண்டி ஒற்றையடிப் பாதை. அண்ணன் வீட்டுப் பக்கத்தில், சடையன் ஓட்டிய ஜீப் தார்ப்பாய் போர்த்தி நின்றது. மேலே கோழிகள்.

மினி லாரி வந்து பெட்டிக்கடை இறங்கியதும் ஊரே கூடிவிட்டது. பெரியசாமி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, தெய்வம் மாதிரி வந்தீங்க. இவனுக்கு ஒரு வழி ஆயிடுச்சின்னா இந்த ஜீப்பைத் தள்ளிவுட்டுருவேன். சங்கராபுரத்துல ஆள் கேட்டுக்கினே இருக்கறாரு."

ரேவதி என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை.

ஓடையைத் தாண்டிப் போனோம். சடையன் வாசலில் பாறைமேல் உட்கார்ந்து சாமை புடைத்துக்கொண்டிருந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். நல்ல தோள். ரேவதி வணக்கம் சொல்லிக் கீழே உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை. எனக்கு நாக்கு அரித்தது.

"தம்பி, உனக்கு கடை கொண்டாந்திருக்கேன்" என்றேன்.

"கடையில இன்னாங்க விக்கறது?"

"பிஸ்கட்டு, பீடி, வாழைப்பழம்…"

"யாருக்குங்க? இங்க இருக்கறதே பத்துப் பன்னண்டு வூடு. எல்லா வூட்டுக் கொல்லையிலயும் வாழை இருக்குது. அவுங்க எனக்கு விப்பாங்க போல."

உள்ளே அவன் மனைவி பொன்னி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது கேட்டது. ரேவதி சிரிக்கவில்லை, பேசவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சடையன் முறத்தைக் கீழே வைத்தான்.

"ஜீப்பை விக்கறாங்களா?" என்று அவளைக் கேட்டான்.

"உங்க அண்ணன் சொல்றாரு. நீங்க இன்னா சொல்றீங்க?"

"என்னை யாரும் கேக்கலியே."

அவ்வளவுதான் அன்றைக்குப் பேச்சு. பொன்னி சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டாள். நெல்லுச் சோற்றிலேயே வளர்ந்தவன் நான். சாமையைப் பண்டிகை விரதத்துக்குக்கூடத் தொட்டதில்லை. மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன். "கடைக்காரருக்கு இன்னும் கொஞ்சம் போடு" என்றான் சடையன். எனக்கு அங்கே அந்தப் பேர்தான் வைத்தார்கள்.

திரும்பும்போது ரேவதி ஒரே ஒரு வார்த்தை கேட்டாள். "கால் போனவங்களுக்கெல்லாம் பெட்டிக்கடைதானா மாமா?"

யோசித்துப் பார்த்தேன். மணலூர்பேட்டையில், ரிஷிவந்தியத்தில், திருக்கோவிலூரில் எனக்குத் தெரிந்து கால் நடக்காதவர்கள் எத்தனை பேருக்கு நாங்கள் ஊர்கூடி உதவியிருக்கிறோம்! எல்லோருக்கும் பெட்டிக்கடைதான். தச்சனுக்கும் அதுதான், தவில் வாசித்தவருக்கும் அதுதான். யாரையும் கேட்டதாக ஞாபகம் இல்லை. இதை நான் தப்பு என்று சொல்லவில்லை. நல்ல கடைகள் அவை. சிலதை நானே செய்தேன். ஆனால் கேட்டதில்லை.

அடுத்த பயணம் செயற்கைக் கால் முகாமுக்காக. கள்ளக்குறிச்சியில் வெள்ளிக்கிழமை அளவெடுக்கிறார்கள்; அதை விட்டால் கால் செய்கிறவர்கள் மறுபடி எப்போது வருவார்கள் என்று யாருக்கும் தெரியாது. இதற்கு முன்னால் இரண்டு முகாமுக்குச் சடையன் வரவில்லை. இந்தத் தரம் வருகிறேன் என்று ரேவதியிடம் அவன் வாயால் சொல்லியிருந்தான்.

முதல் நாளே போய்ப் பெரியசாமி வீட்டில் தங்கினோம். மலைக் குளிர் எலும்பைத் தடவிப் பார்க்கிறது. இரண்டு கம்பளிக்குள் கிடந்தபடியே நானும் பெரியசாமியும் ஒரு ஏற்பாடு பேசிக்கொண்டோம். ஒற்றைக் காலோடு அவன் ஓடையைத் தாண்டி எப்படி வருவான்? டோலி கட்டிவிடலாம். மூங்கிலில் போர்வையைத் தொட்டில் மாதிரி கட்டி, ஆளை உட்காரவைத்து நாலு பேர் தூக்கி வருவது. மலையில் அதுதான் ஆம்புலன்ஸ். மூங்கிலின் இரண்டு முனையிலும் தோளுக்கு வலிக்காமல் துணி சுற்றிக் கொடுத்ததும் நான்தான். வேலை என்றால் சுத்தமாக இருக்கவேண்டும்.

காலையில் டோலியோடு போனோம். சடையன் வெள்ளைச் சட்டை போட்டு, தலை சீவி, திருநீறு பூசி நின்றுகொண்டிருந்தான். டோலியைப் பார்த்தான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

"டேய் சடையா, நேரமாவுது, வெளிய வாடா!" என்று அண்ணன் கதவைத் தட்டினார். "ஒனக்காக ஒரு ஊரே நிக்குது!"

"ஊரைப் போவச் சொல்லு!"

பெரியசாமிக்கும் கண் கலங்கிவிட்டது. "அன்னிக்கி ராத்திரி மழையில இவனைத் தூக்கிக்கினு ஓடுனவங்கதான் இந்த நாலு பேரும். இன்னிக்கி இவனுக்கு நாங்க ஆவலியா?" என்று என்னிடம் முறையிட்டார்.

நான் வாயைத் திறந்தேன். ரேவதி கையைக் காட்டினாள். மூடிக்கொண்டேன். அவள் கதவோரமாகப் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"சடையன் அண்ணே, தப்பு எங்க மேலதான். நீங்க எப்படி வரணும்னு கேக்காமயே ஏற்பாடு பண்ணிட்டோம். இப்ப கேக்கறேன். எப்படி வரணும்?"

நான் என் வாழ்க்கையில் செய்த கடினமான வேலை ராட்டினம் இல்லை. அந்த வாசலில் வாயை மூடிக்கொண்டு நின்றதுதான். சேவல் கூவியது. டோலிக்காரர்களில் ஒருவர் பீடியைப் பற்றவைத்து முடித்தே விட்டார். ஒன்றரை வருசம் இதைத்தான் படித்தாள் என்பது அப்போது எனக்கு விளங்கியது.

உள்ளிருந்து குரல் வந்தது.

"டோலில போறவன் நோயாளிம்மா. நான் நோயாளி இல்ல. டிரைவரு."

"சரி."

"நடந்து வரேன். ஒருத்தரும் கையைப் புடிக்கக் கூடாது. ஜீப்புல முன் சீட்டு."

"சரிங்க அண்ணே."

கதவு திறந்தது. கவட்டைக் கம்பு ஒன்றை அக்குளில் கொடுத்துக்கொண்டு நடந்தான். ஓடையில் பாசி படிந்த கல். கம்பு வழுக்கியபோது ஒட்டுமொத்தக் கூட்டமும் "ஏய்" என்றது. பொன்னி மட்டும், "அவுரு வுழுந்தா அவுரு எந்திரிப்பாரு, நீங்க நவுந்து நில்லுங்க" என்று எல்லோரையும் விலக்கிவிட்டாள். விழவில்லை. சட்டையெல்லாம் வியர்வை. டோலிக்காரர்கள் வெறும் டோலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார்கள். "சும்மா போறதுக்கு நான் ஏறிக்கவா?" என்று கேட்டேன். சடையனே சிரித்துவிட்டான்.

இறக்கம் ஆரம்பித்தது. கரீம் பாய் சொன்னதை ஒப்புக்கொள்ள எனக்குப் பிரியமில்லை, ஆனாலும் சொல்கிறேன். நாலாவது வளைவுக்குள் பிரேக் சூடாகி ரப்பர் நாற்றம் அடித்தது. சமவெளிக்காரனுக்கு நிறுத்தவேண்டும் என்றால் பிரேக்தான் ஞாபகம் வரும். பக்கத்தில் சடையன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒன்றும் சொல்லவில்லை, மரியாதைக்காரன்.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். நான் மட்டும்தான் பார்த்தேன். ரேவதி பின்னால் உட்கார்ந்து வாந்தியை அடக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வளைவிலும் சடையனின் இடது தொடை இறுகிக் கீழே அழுந்தியது. வளைவு முடிந்ததும் தளர்ந்தது. அடுத்த வளைவு, மறுபடி அழுந்தல். கூடவே இடது கை முழங்கால்மேல் ஒரு சிறு தள்ளு. இல்லாத காலால் அவன் கிளட்ச் மிதித்துக்கொண்டு வருகிறான்! நான் எங்கே கியரை மாற்றாமல் பிரேக்கைப் பிடித்தேனோ, அங்கே அவன் கியர் மாற்றிக்கொண்டிருந்தான். அந்த மலையை அவன்தான் இறக்கினான். நான் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தேன், அவ்வளவுதான்.

அளவெடுத்து முடிந்ததும் கரீம் பாய் எங்களைப் பிரியாணிக்குக் கூட்டிக்கொண்டு போனார். சாப்பிட்டுக் கை கழுவியபின், "அண்ணன்கிட்ட ஜீப்பை விக்க வேணாம்னு சொல்லணும்மா" என்றான் சடையன்.

"நீங்களே சொல்லுங்க அண்ணே" என்று ரேவதி தன் போனை நீட்டினாள்.

சொன்னான். மறுமுனையில் பெரியசாமி போட்ட சத்தம் பக்கத்து மேசைக்குக் கேட்டது. "ஆடி பொறக்கற வரைக்கும் பாப்பேன். ஓட்டுனின்னா ஓட்டு. இல்லன்னா சங்கராபுரத்தாரைக் கூப்புடுவேன். நின்னு நின்னு துரு ஏறுதுடா, அது ஒனக்குத் தெரியாதா!" அவர் சொன்னதிலும் ஞாயம் இருந்தது. இரும்பு நின்றால் துருதான்.

சில வாரத்தில் கால் வந்தது. அழகாகத்தான் செய்திருந்தார்கள். சடையன் நடந்து பழகினான். அவன் ஜீப்பை மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் பக்கத்தில் இருக்கிற என் பட்டறைக்கு இறக்கிக்கொண்டு வந்தோம். கரும்பு அரவை இல்லாத நாள், வெளிக்களம் காலியாகக் கிடந்தது. ஏறி உட்கார்ந்தான். ஸ்டார்ட் செய்தான். முகத்தில் அப்படி ஒரு ஒளி. ஜீப் ஒரு துள்ளு துள்ளி நின்றது. மறுபடி ஸ்டார்ட், மறுபடி துள்ளு. புதுக் காலால் மிதிக்க முடிந்தது. ஆனால் எவ்வளவு மிதித்திருக்கிறோம் என்பது அந்தக் காலுக்குத் தெரியவில்லை. களத்தில் தெரியாவிட்டால் துள்ளும். மலையில் தெரியாவிட்டால்?

இறங்கி வந்து டிரெய்லர் சக்கரத்தின்மேல் உட்கார்ந்தான்.

"வித்துடலாம்மா. கடையே வச்சிக்கறேன். கடைக்காரர் பெயின்ட்டெல்லாம் அடிச்சிருக்கறாரு."

அவன் கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்றது. ரேவதி பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் முகமும் செத்திருந்தது. ஆடிக்கு அதிக நாள் இல்லை. அவள் பயிற்சியும் முடியப்போகிறது.

"ரேவதி, இப்ப நான் பேசலாமா?" என்றேன்.

"அவரைக் கேளுங்க மாமா."

கேட்டேன். என் வயதுக்கு, என் பட்டறையில், ஒரு மலைக்காரனிடம் பேச அனுமதி கேட்டேன். தலையாட்டினான்.

"கிளட்ச்சு கால்லதான் இருக்கணும்னு எவன் சொன்னான்? அன்னிக்கி எறக்கத்துல ஒன் தொடை மட்டுமா அமுந்துச்சு? ஒன் இடது கையும் தள்ளுச்சு. நான் பாத்தேன். கையில குடுத்தா ஓட்டுவியா?"

சடையன் என்னைப் பார்த்தான். பிறகு தன் கையைப் பார்த்தான்.

ரேவதி துள்ளி எழுந்தாள். ஆளை வேலைக்குத் தகுந்தபடி மாற்ற முடியாதபோது, வேலைக் கருவியை ஆளுக்குத் தகுந்தபடி மாற்றவேண்டும் என்று அவள் படிப்பிலேயே ஒரு பாடம் இருக்கிறதாம். "அதைப் பரீட்சைக்கு எழுதினேன் மாமா, இங்க மறந்துட்டேன்!" என்றாள். நான் பரீட்சை எழுதவில்லை. மறக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

பழைய டிரெய்லரின் கைப்பிரேக் லீவரை எடுத்து, கம்பி கோர்த்து, கிளட்ச் மிதியோடு இணைத்தேன். எனக்கு வசதியான இடத்தில், எனக்கு வசதியான உயரத்தில், கனமாக, உறுதியாக. சடையன் இரண்டு தரம் தள்ளிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான்.

"கேளுங்க மாமா" என்றாள் ரேவதி, காதோரமாக.

"எங்கப்பா இருந்தா ஒனக்கு கை நிக்கும்?"

சாக்பீஸை எடுத்தான். கியர் தண்டுக்குப் பக்கத்தில், ஒரு சாண் முன்னால், கோடு போட்டான். "உள்ளங்கையால தள்ளணும், அதே கையோட வெரல்ல கியர் புடிக்கணும். லேசா இருக்கணும் மேஸ்திரி. மத்தியானத்துக்குள்ள நூறு தரம் தள்ளுவேன்." கடைக்காரர் போய் மேஸ்திரி ஆனேன். பிரித்தேன். லேசாகச் செய்தேன். பிடிக்கவில்லை. மறுபடி பிரித்தேன். கரீம் பாய் கம்பி கொடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தார். "போதும்டா, இதுக்கு நீ ஹெலிகாப்டரே செஞ்சிருக்கலாம்" என்று துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பினார். கடைசியில் பொருந்தியது. சடையன் களத்தைச் சுற்றினான். ஜீப் துள்ளவில்லை.

வண்டியில் இப்படி மாற்றம் செய்தால் அதிகாரிகளின் ஒப்புதல் வாங்கவேண்டும், ஓட்டுநர் உரிமத்திலும் ஏறவேண்டும். அந்த அலைச்சல் முழுக்க ரேவதியும் சடையனும் பட்டது. அதில் எனக்குப் பங்கில்லை. பங்கில்லாததைக் கேட்கிறவன் நான் இல்லை. சோதனை பார்க்க வந்த அதிகாரி லீவரை ஆட்டிப் பார்த்தார், குனிந்து பார்த்தார், "இது யார் பண்ணது?" என்றார். சடையனை ஏரிக்கரை மேட்டில் ஏறச் சொல்லி, பாதி ஏற்றத்தில் "நிறுத்து" என்றார். நிறுத்தினான். "எடு" என்றார்.

ஏற்றத்தில் நின்ற வண்டியை எடுப்பது இரண்டு காலும் உள்ளவனுக்கே கஷ்டம். ஜீப் ஒரு விரற்கடை பின்னால் நகர்ந்தது. ரேவதி என் கையைப் பிடித்தாள். மருமகள் மாமனார் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான். லீவர் மெதுவாகத் திரும்பி வந்தது. எஞ்சின் ஒரு தரம் முனகியது. ஏறியது.

ஆடி பிறக்கும் முன்னால் சடையன் எங்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போனான். நான் முன் சீட்டில். ஒரு வளைவிலும் பிரேக் நாற்றம் இல்லை. அந்த ஆட்டுக்கார அம்மா அங்கேயே இருந்தாள். சடையன் ஹாரன் அடிக்கவில்லை, பேர் சொல்லிக் கூப்பிட்டான். ஆடுகள் எழுந்தன. பெரியசாமி வாசலில் நின்று, வருகிறது தம்பிதானா என்று கண்ணுக்கு மேலே கையை வைத்துப் பார்த்தார். சங்கராபுரத்துக்காரருக்கு வேறு ஜீப் கிடைத்திருக்கும். என் பெட்டிக்கடையும் வீண்போகவில்லை. ரோட்டோரம் நிற்கிறது. ஜீப்புக்குக் காத்திருக்கிறவர்கள் மழைக்கு அதில்தான் ஒதுங்குகிறார்கள். கூரையை நீட்டி வைத்தது நல்லதாயிற்று.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

ரேவதி பட்டத்துக்காக அறிக்கை எழுதிக் கொடுத்தாள். பேராசிரியை அம்மா ரொம்பப் பாராட்டினாராம். என்னைப் பற்றி என்ன எழுதினாய் என்று கேட்டேன். தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னாள்: "உள்ளூர் வளங்களின் துணையோடு பயனாளி தாமே தீர்வைக் கண்டடைந்தார்."

"உள்ளூர் வளம்னா?"

"நீங்கதான் மாமா."

"நான் இன்னா ஆத்து மணலாம்மா? ஊத்துத் தண்ணியா?"

அறிக்கையில் யார் பேரும் வரக் கூடாதாம். சடையனே அதில் வெறும் 'திரு. எஸ்'. பெருமை முழுக்க அவனுக்குத்தான் போகவேண்டும், அதுதான் அந்தத் தொழிலின் தர்மம் என்றாள். இருக்கட்டும். அவள் படிப்பை நான் மதிக்கிறேன். கதவோரம் உட்கார்ந்து அவள் காத்திருக்காவிட்டால் அந்தக் கதவு திறந்திருக்காது. சாக்பீஸ் கோடு போட்டது சடையன். அந்த ஓடையை நடந்து தாண்டியதும் அவன்தான். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்தத் தொடை அழுந்தியதைப் பார்த்த கண் என்னுடையது. அவிந்துபோகும் என்று தாய்மாமன் சாபம் கொடுத்த அதே கண். பற்றவைத்த கை என்னுடையது.

நம் ஊர்க் கோவில்களில் ஒரு டியூப்லைட் வாங்கிக் கொடுத்தவர்கூட வெளிச்சம் பாதி மறைகிற அளவுக்கு 'உபயம்' என்று பேரை எழுதிக்கொள்கிறார். நான் வெளிச்சத்தை மறைக்கச் சொல்லவில்லை. ஜீப்பின் பின்பக்கம் முழுக்கப் 'பொன்னி' என்று அவன் எழுதிவைத்திருக்கிறான். அதில் கைவைக்கச் சொல்லவில்லை. லீவருக்குக் கீழே ஒரு சாண் தகரம் சும்மா இருக்கிறது. அதில் எழுதவேண்டும்: 'கைக்கிளட்ச் உபயம்: டிரெய்லர் தணிகாசலம், மணலூர்பேட்டை.' சடையனிடம் சொன்னேன். "எழுதிக்கலாம் மேஸ்திரி, பெயின்ட்டரு கெடைக்கட்டும்" என்கிறான். பெயின்ட்டர் கிடைக்காத ஊரா வெள்ளிமலை? நீலப் பெயின்ட் என்னிடமே மிச்சம் இருக்கிறது.

அதுவரைக்கும், அந்தப் பக்கம் போகிறவர்கள் அந்த ஜீப்பில் முன் சீட்டில் ஏறுங்கள். முதல் வளைவில் அவன் இடது கை ஒரு லீவரைத் தள்ளும். இது யார் செய்தது என்று கேளுங்கள். அவன் சொல்கிற வரைக்கும் சும்மா இருங்கள்.